கிணற்றுத் தலையில் சோக் பீன் மாற்றுவது: வால்வு, சீல், பிரஷர் பற்றிய முழுமையான வழிகாட்டி

சோக் பீன் உள்ளங்கையில் அடங்கிவிடும். கெட்டியான எஃகுத் துண்டு, ஒரு முனையில் மரை, நடுவில் நேராக ஒரு துளை. மேலே 24 என்று குத்தியிருந்தால், ஓர் அங்குலத்தை 64 பங்காக்கி அதில் 24 பங்கு அந்தத் துளையின் குறுக்களவு. நாளுக்கு ஆயிரம் பீப்பாய்க்கு மேல் தரும் எண்ணெய்க் கிணற்றையும் இந்த ஓட்டைதான் பிடித்து வைத்திருக்கிறது.

அதை மாற்றுவது பெரிய வேலை இல்லை. ஆனால் வால்வு, சீல், பிரஷர் காட்டும் கேஜ், குழாய்களை இணைக்கும் ஃபிளாஞ்ச் என்று கிணற்றுத் தலையான வெல்ஹெட்டில் இருக்கும் எல்லாமே இந்த ஒரு வேலைக்குள் வந்துவிடுகின்றன. அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்து எழுதுகிறேன். டிப்ளமோ முடித்துவிட்டுக் காவிரிப் படுகைக் கிணறுகளுக்கோ வளைகுடாவுக்கோ போகும் தம்பிகளை மனதில் வைத்து எழுதியது இது. உங்கள் தளத்தில் எழுதி ஒட்டியிருக்கும் செயல்முறை இதிலிருந்து மாறினால், அங்கே இருப்பதைத்தான் செய்ய வேண்டும். இது அதைப் புரிந்துகொள்ள உதவும், அவ்வளவுதான்.

படி 1: மரத்தைப் படியுங்கள்

கிணற்றின் மேல் அடுக்கடுக்காக நிற்கும் வால்வுத் தொகுதிக்குக் கிறிஸ்மஸ் ட்ரீ என்று பெயர். கீழிருந்து மேலே பாருங்கள். முதலில் லோயர் மாஸ்டர் வால்வு. அதன் மேல் அப்பர் மாஸ்டர். பல கிணறுகளில் இது ஹைட்ராலிக் பிரஷரில் திறந்து நிற்கும், பிரஷர் போனால் தானே மூடிக்கொள்ளும். அதற்கு மேல் குறுக்குத் துண்டு. அதில் ஒரு பக்கம் புரொடக்‌ஷன் விங், மறு பக்கம், கிணற்றை அடக்கத் திரவம் செலுத்தும் கில் விங். உச்சியில் ஸ்வாப் வால்வும் அதன் மூடியும். புரொடக்‌ஷன் விங்கைத் தாண்டியதும் பீனை உள்ளே வைத்திருக்கும் சோக், அதற்குப் பிறகு எண்ணெயைக் கொண்டுபோகும் குழாயான ஃப்ளோலைன்.

இதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. கிணற்றை மூடும்போது வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும்: முதலில் விங், பிறகுதான் மாஸ்டர். திறக்கும்போது உள்ளிருந்து வெளியே. எண்ணெயும் மணலும் ஓடிக்கொண்டிருக்கையில் மூடப்படும் வால்வுதான் தேய்கிறது. விங் தேய்ந்தால் மாஸ்டரை மூடிவிட்டு அதைக் கழற்றி மாற்றலாம். லோயர் மாஸ்டர் தேய்ந்தால் அதற்குக் கீழே, கிணற்றுக்குள் எண்ணெய் ஏறி வரும் குழாயான டியூபிங்கில்தான் அடைப்பு வைத்தாக வேண்டும். அதனால் அன்றாட வேலைக்கு லோயர் மாஸ்டரைத் தொடுவதில்லை.

ஒவ்வொரு வால்வின் உடம்பிலும் பெயர்ப்பலகை இருக்கும். ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) தந்த 6ஏ என்ற விதிமுறைப்படி செய்த வால்வுகளுக்கு 2000, 3000, 5000, 10000, 15000, 20000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) என்று பிரஷர் வகுப்புகள் உண்டு. வெப்ப வகுப்பை எழுத்தால் குறிப்பார்கள். பி (P) என்றால் மைனஸ் 29 முதல் 82 டிகிரி செல்சியஸ் வரை, யு என்றால் மைனஸ் 18 முதல் 121 வரை. அப்புறம் உலோக வகுப்பு: ஏஏ, பிபி, சிசி என்பவை சாதாரணக் கிணறுகளுக்கு, டிடி, இஇ, எஃப்எஃப், எச்எச் என்பவை ஹைட்ரஜன் சல்ஃபைடு உள்ள கிணறுகளுக்கு. அந்த வாயு ஆளை மட்டுமல்ல, எஃகையும் கொல்லும். கடினமான எஃகுக்குள் புகுந்து, முன்னறிவிப்பே இல்லாமல் வெடிப்பு விழ வைக்கும். அதனால்தான் அப்படிப்பட்ட கிணறுகளில் ஃபிளாஞ்சை இறுக்கும் போல்ட்டான ஸ்டட்டுகூடக் கடினத்தன்மை குறைந்த பி7எம் வகையாகக் கேட்கிறார்கள். ஸ்டோரில் கிடைத்த பி7 ஸ்டட் சரியாகப் பொருந்துகிறதே என்று போட்டுவிடக் கூடாது.

இந்தப் பெயர்ப்பலகை விவரங்களையும், டியூபிங் பிரஷர், ஃப்ளோலைன் பிரஷர், கேசிங் (டியூபிங்கைச் சுற்றியுள்ள வெளிக்குழாய்) பிரஷர், ஃப்ளோலைன் வெப்பம் நான்கையும் வேலை தொடங்கும் முன் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: கேட் வால்வு எப்படி மூடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மரத்தில் இருப்பவை பெரும்பாலும் ஸ்லாப் கேட் வால்வுகள். உள்ளே கனமான ஒரு தகடு, அதில் வட்டமாக ஒரு துளை. ஹேண்ட்வீலைச் சுற்றினால் தகடு ஏறி இறங்கும். துளையும் பாதையும் நேரானால் திறப்பு, விலகினால் மூடல். பாதி திறந்து வைத்து ஓட்டத்தைக் குறைப்பது இந்த வால்வின் வேலையே அல்ல. அப்படி வைத்தால் தகட்டின் விளிம்பை மணல் அரித்துவிடும், அதற்குப் பிறகு அது ஒருநாளும் சரியாக மூடாது. ஓட்டத்தைக் குறைக்கத்தான் சோக் இருக்கிறது.

புதிதாக வருபவர்கள் தவறவிடுவது ஒன்று உண்டு. இந்தத் தகடு சற்று முன்னும் பின்னும் நகரும்படி மிதந்துதான் நிற்கும். மூடியதும் கிணற்றுப் பிரஷர் அதைத் தள்ளி, வெளிப்பக்கத்து சீட்டின் (தகடு உட்காரும் வளையம்) மேல் அழுத்தும். அடைப்பு விழுவது அந்தப் பக்கத்தில்தான். அப்படியென்றால் வால்வின் வயிற்றுக்குள், தகட்டைச் சுற்றியுள்ள இடத்தில், முழுக் கிணற்றுப் பிரஷரும் இருக்கிறது. வால்வு மூடியிருக்கிறதே என்று பாடியில் இருக்கும் கிரீஸ் ஃபிட்டிங்கைக் கழற்றப் போனால் அந்தப் பிரஷர் உங்கள் முகத்தை நோக்கி வரும். கிரீஸ் ஏற்றும்போதும் ஃபிட்டிங்குக்கு நேரே நிற்காதீர்கள். பக்கவாட்டில் நில்லுங்கள்.

மூடும்போது சுற்றுகளை எண்ணுங்கள். முழுதாக மூடியபின் கால் சுற்று பின்னுக்கு விடுங்கள். தகடு மிதக்க அந்த இடம் வேண்டும். முழுதாகத் திறக்கும்போதும் அப்படித்தான். இறுக்கிப் பிடித்து வைத்தால் வால்வு நன்றாக அடைக்கும் என்பது வீட்டுக் குழாயின் பழக்கம். இங்கே அது தகட்டை ஏற்றி இறக்கும் தண்டான ஸ்டெம்மைத்தான் கெடுக்கும்.

படி 3: விங்கை மூடுங்கள், பிறகு ஃப்ளோலைனை

வேலைக்கான அனுமதிச் சீட்டான பர்மிட் கையெழுத்தாகி, காற்று வரும் திசை பார்த்து, கேஸ் டிடெக்டர் சட்டையில் மாட்டியபின் விங் வால்வை மூடுங்கள். பீன் மட்டும் போட்ட சோக்கில் ஓட்டத்தை நிறுத்த வேறு வழி கிடையாது. ஊசி முனையுள்ள அட்ஜஸ்டபிள் சோக் என்றால் முதலில் அதைச் சுருக்கி, பிறகு விங்கை மூடலாம். விங் தேய்வது அவ்வளவும் குறையும்.

அதன் பிறகுதான் சோக்குக்கு அப்பால் உள்ள ஃப்ளோலைன் வால்வு. இந்த வரிசையை மாற்றவே மாற்றாதீர்கள். சோக்குக்கு முன்னால் இருப்பவை கிணற்றின் முழுப் பிரஷரைத் தாங்கும்படி செய்தவை. பின்னால் இருக்கும் லைன் பல இடங்களில் அதைவிடக் குறைந்த வகுப்பு. ஓடிக்கொண்டிருக்கும் கிணற்றில் ஃப்ளோலைன் வால்வை முதலில் மூடினால், ஓட்டம் நின்று, சோக்கின் இரு பக்கமும் முழுக் கிணற்றுப் பிரஷர் ஏறி உட்கார்ந்துகொள்ளும். துளை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் நின்றுபோன ஓட்டத்தில் பிரஷரை அதனால் குறைக்க முடியாது.

படி 4: மூடியிருக்கிறதா என்று நிரூபியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

வளைகுடாவில் ஒரு கிணற்றில் இதே வேலைக்குப் போயிருந்தோம். என்னோடு வந்தது ராமநாதபுரத்துத் தம்பி ஒருவன், சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த விங் வால்வுக்குப் பழைய பதிவில் 21 சுற்று என்று இருந்தது. அவன் சத்தமாக எண்ணிக்கொண்டே சுற்றினான். 21 வந்ததும் நிறுத்திவிட்டு, “அண்ணே, மூடியாச்சு” என்றான். நான் ஃப்ளோலைன் வால்வை மூடிவிட்டு சோக்கில் இருக்கும் சின்ன நீடில் வால்வைக் கொஞ்சமாகத் திறந்து ப்ளீட் செய்தேன், அதாவது உள்ளே இருந்த பிரஷரை வெளியேற்றப் பார்த்தேன். சீறிக்கொண்டு வந்தது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். கேஜ் முள் இறங்குகிற மாதிரி ஆடி, திரும்பவும் அதே இடத்தில் நின்றது. “அண்ணே, முள்ளு இறங்கவே மாட்டேங்குது” என்றான். நான் போய் ஹேண்ட்வீலைப் பிடித்துப் பார்த்தேன். 21-க்குப் பிறகும் அது போய்க்கொண்டே இருந்தது, ஒரு விரலில் சுற்றும் அளவுக்கு லேசாக.

ஸ்டெம்மையும் அதைச் சுழற்றும் பகுதியையும் இணைக்கும் ஷியர் பின் உடைந்திருந்தது. அளவுக்கு மீறி முறுக்கினால் ஸ்டெம் உடையாமல் தான் உடைய வேண்டும் என்றே வைத்த பின் அது. யாரோ எப்போதோ வால்வை முறுக்கி உடைத்துவிட்டு, சொல்லாமலும் எழுதாமலும் போயிருக்கிறார்கள். வீல் சுற்றியது, எண்ணிக்கை சரியாக வந்தது, உள்ளே தகடு அசையவே இல்லை. எண்ணிக்கையை மட்டும் நம்பி சோக் மூடியைக் கழற்றியிருந்தால் அந்தத் தம்பி இன்றைக்கு இருந்திருக்க மாட்டான். அன்றைக்கு மரத்துக்கு முன்னால் நின்றவன் அவன்தான்.

அதனால் செய்ய வேண்டியது இது. இரு வால்வுகளுக்கும் நடுவே இருக்கும் பிரஷரை நீடில் வால்வு வழியாக, பாதுகாப்பான இடத்துக்கு இழுத்த குழாயில், மெதுவாக வெளியேற்றுங்கள். கேஜ் பூஜ்யத்துக்கு வந்ததும் நீடில் வால்வை மூடிவிட்டுக் காத்திருங்கள். நான் குறைந்தது 15 நிமிஷம் பார்ப்பேன். முள் ஏறினால் ஏதோ ஒரு வால்வு கசிகிறது. விங்கா ஃப்ளோலைனா என்று கண்டுபிடிக்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். கிணற்றுக்குள் இருக்கும் பாதுகாப்பு வால்வுக்கு நிமிஷத்துக்கு 400 மில்லி திரவம் அல்லது 15 கன அடி வாயு வரை கசிவை ஏபிஐ ஏற்றுக்கொள்கிறது. அது அந்த வால்வின் உடல்நலத்தை அளக்கும் கணக்கு. நீங்கள் திறக்கப்போகும் மூடிக்குப் பின்னால் அந்தக் கணக்கைக் கொண்டு வந்து பொருத்தக் கூடாது.

கேஜும் தவறாகக் காட்டும். கேஜுக்குப் போகும் சின்னத் துளையில் மெழுகோ மணலோ, வாயுவும் நீரும் சேர்ந்து உறையும் ஹைட்ரேட் பனியோ அடைத்தால், பின்னால் ஆயிரக்கணக்கான பிஎஸ்ஐ இருந்தாலும் முள் பூஜ்யத்தில்தான் நிற்கும். 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் வெடித்து 11 பேர் இறந்தார்களே, அன்று கிணற்றின் அடியில் போட்ட சிமெண்ட் அடைப்பைச் சோதித்தபோது டிரில் பைப்பில் 1400 பிஎஸ்ஐ காட்டியது. இன்னொரு குழாயான கில் லைனில் ஓட்டமே இல்லை. இரண்டும் ஒரே கிணற்றோடு இணைந்தவை, இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாததற்கு ஒரு விளக்கத்தைச் சொல்லிக்கொண்டு, அமைதியாக இருந்த கில் லைனை நம்பினார்கள். ஆகவே கேஜ் இறங்குவதைக் கண்ணால் பாருங்கள், ப்ளீட் குழாயின் முனையில் வாயு வந்து பிறகு நிற்பதையும் பாருங்கள். எதுவும் வெளியே வராமலேயே முள் பூஜ்யம் காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். அடைப்பைத் தேடுங்கள்.

படி 5: மூடியைத் திறந்து பீனை எடுங்கள்

சோக்கின் மூடியில் பிரஷர் வெளியேறுவதற்கென்றே ஒரு சின்ன வழி வைத்திருப்பார்கள். மூடியை ஓரிரு சுற்று தளர்த்தியதும் மிச்சம் மீதி அதன் வழியே வந்துவிட வேண்டும். மரை இன்னும் பிடித்திருக்கும்போதே. அந்த இடத்தில் நிறுத்துங்கள், காது கொடுத்துக் கேளுங்கள். சத்தம் முழுதாக அடங்கியபின் மிச்சத்தைக் கழற்றுங்கள். மூடிக்கு நேர் எதிரே யாரும் நிற்கக் கூடாது.

பீனை அதற்கான ரெஞ்சால் எடுத்து, துடைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நல்ல பீனில் துளை முழுவட்டமாக, விளிம்பு கூர்மையாக இருக்கும். மணல் வரும் கிணற்றின் பீனில் ஒரு பக்கம் வாய்க்கால் போல அரித்திருக்கும், சில நேரம் துளை முட்டை வடிவமாகியிருக்கும். மேலே 24 என்று குத்தியிருக்கும், உள்ளே காலிபர் வைத்தால் 28 காட்டும். ஃப்ளோலைன் பிரஷர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, டியூபிங் பிரஷர் இறங்கிக்கொண்டே வந்ததற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பழைய பீனைத் தூக்கி எறியாமல் தேதியோடு எடுத்து வையுங்கள், எவ்வளவு நாளில் எவ்வளவு தேய்ந்தது என்பது அடுத்த முறை உதவும்.

படி 6: ஓ-ரிங்கைத் தடவிப் பாருங்கள்

மூடியின் ஓ-ரிங்கை விரலால் சுற்றித் தடவுங்கள். சில நேரம் கொப்புளம் கொப்புளமாகத் தட்டுப்படும், குறுக்கே நறுக்கினால் உள்ளே வெடிப்புகள் தெரியும். அது வெட்டோ தேய்மானமோ இல்லை. அதிக பிரஷரில் வாயு ரப்பருக்குள் ஊறி நிற்கிறது. நாம் சடாரென்று ப்ளீட் செய்தால் சோடா பாட்டிலைத் திறந்தது போல அந்த வாயு உள்ளேயே விரிந்து ரப்பரைக் கிழித்துவிடும். மெதுவாக ப்ளீட் செய்யச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓ-ரிங் எல்லாம் கறுப்பாகத்தான் இருக்கும். அளவு சரியாக இருந்தால் போதும் என்று நினைப்பது தவறு. நைட்ரைல் ரப்பர் மலிவு, எண்ணெய்க்கு நல்லது, ஆனால் ஹைட்ரஜன் சல்ஃபைடும் அதிகச் சூடும் சேர்ந்தால் கட்டையாக இறுகிவிடும். ஹைட்ரஜன் ஏற்றிய நைட்ரைல் அதைவிடத் தாங்கும். வைட்டான் சூட்டைத் தாங்கும், ஆனால் துருப்பிடிக்காமல் இருக்கக் கிணற்றில் ஊற்றும் அமீன் கலந்த மருந்துகள் அதற்கு ஆகாது. அங்கே அஃப்லாஸ் நல்லது. பாக்கெட்டில் இருக்கும் பொருள் பெயரையும் தயாரித்த தேதியையும் பாருங்கள். பாக்கெட் இல்லாமல் ஆணியில் தொங்கும் ஓ-ரிங்கை நான் எடுக்கவே மாட்டேன்.

பிரஷர் அதிகமான இடங்களில் ஓ-ரிங்குக்குப் பக்கத்தில் வெள்ளை டெஃப்லான் வளையம் ஒன்று இருக்கும். பிரஷர் தள்ளும்போது ரப்பர் இடுக்கு வழியே பிதுங்காமல் தடுப்பது அது. பிரஷர் வரும் பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் இருந்தும் இல்லாதது போலத்தான்.

படி 7: ஃபிளாஞ்சைக் கழற்ற வேண்டி வந்தால்

பீன் மாற்ற ஃபிளாஞ்சைத் தொட வேண்டியதில்லை. ஆனால் சோக் பாடியே அரித்திருந்தால் முழுசாக இறக்க வேண்டும். அப்போது ஃபிளாஞ்சுகளுக்கு நடுவே எஃகு வளையம் ஒன்று இருக்கும், அதுதான் ரிங் கேஸ்கெட். 2 1/16 அங்குலம், 5000 பிஎஸ்ஐ ஃபிளாஞ்ச் என்றால் ஆர்-24 வளையம், 8 ஸ்டட்.

ஒருமுறை இறுக்கிய வளையத்தைத் திரும்பப் போடக் கூடாது. வளையம், அது உட்காரும் பள்ளமான காடியைவிட மென்மையான உலோகம். இறுக்கும்போது நசுங்கி, காடியின் வடிவத்துக்கு வந்து அடைக்கிறது. நசுங்கியது நசுங்கியதுதான். காடியைத் துணியால் துடைத்து நகத்தால் சுற்றிப் பாருங்கள். நகம் மாட்டும் கீறல் குறுக்கே ஓடினால் அது கசியும் பாதை.

ஸ்டட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள்: முதலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு டார்க் (முறுக்கு விசை), பிறகு மூன்றில் இரண்டு, பிறகு முழுசு, கடைசியில் வட்டமாக ஒரு சுற்று. ஆர் வகை வளையத்தில் இரு ஃபிளாஞ்சுகளுக்கும் நடுவே இடைவெளி மிஞ்சும். அது சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும், நாலு இடத்தில் அளந்து பாருங்கள். 10000 பிஎஸ்ஐ மரங்களில் வரும் பிஎக்ஸ் வகையில் ஃபிளாஞ்சுகளின் முகம் ஒன்றையொன்று தொட வேண்டும். அங்கே இடைவெளி தெரிந்தால் வேலை முடியவில்லை.

வேலை பாதியில் நிற்கும்போது வெற்று ஃபிளாஞ்ச் போட்டு மூடுவோம் இல்லையா, அதையும் இதே ஒழுங்கோடு இறுக்குங்கள். 1988 ஜூலை 6 இரவு வட கடலில் பைப்பர் ஆல்ஃபா மேடையில் நடந்ததற்குத் தொடக்கம் அங்கேதான். ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வைச் சர்வீசுக்காகக் கழற்றி, அந்த இடத்தை வெற்று ஃபிளாஞ்சால் மூடியிருந்தார்கள். கசியாத அளவுக்கு அது இறுகவில்லை. பகல் ஷிஃப்ட்டிலிருந்து இரவு ஷிஃப்ட்டுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவும் இல்லை. இரவில் இருந்தவர்கள் அந்தப் பம்ப்பை ஓட்டினார்கள். 167 பேர் இறந்தார்கள்.

படி 8: புதிய பீனின் அளவு

அளவைத் தீர்மானிப்பது இன்ஜினியர்தான், இருந்தாலும் கையில் எடுக்கும் நமக்கும் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். 1954-இல் கில்பர்ட் தந்த சூத்திரம் இன்றும் பழக்கத்தில் இருக்கிறது: டியூபிங் பிரஷரை பீன் அளவின் 1.89 அடுக்கால் பெருக்கி, வாயு எண்ணெய் விகிதத்தின் 0.546 அடுக்கால் வகுத்து, மேலும் 10-ஆல் வகுத்தால் நாளுக்கு எத்தனை பீப்பாய் என்று வரும். டியூபிங் பிரஷர் 1000 பிஎஸ்ஐ, பீப்பாய்க்கு 500 கன அடி வாயு, பீன் 24 என்றால் சுமார் 1360 பீப்பாய். பீனை 48 ஆக்கினால் இரு மடங்கு ஆகாது, பிரஷர் அப்படியே இருந்தால் 3.7 மடங்கு ஆகும். உண்மையில் பிரஷரும் இறங்குவதால் அவ்வளவு வராது, ஆனால் 24-க்குப் பதில் 42-ஐ எடுத்து மாட்டினால் என்ன ஆகும் என்பது புரிந்திருக்கும். குத்தியிருக்கும் எண்ணை நம்பாமல் காலிபரால் அளந்து, பக்கத்தில் இருப்பவரிடமும் காட்டிவிட்டு மாட்டுங்கள்.

இந்தச் சூத்திரம் செல்லுபடியாவது, சோக்குக்குப் பின்னால் உள்ள பிரஷர் முன்னால் உள்ளதில் ஏறக்குறைய பாதிக்குக் கீழே இருக்கும்போதுதான். அந்த நிலையில் ஃப்ளோலைனில் நடக்கும் ஏற்ற இறக்கம் கிணற்றை எட்டாது.

படி 9: திரும்ப ஓட விடுங்கள்

மூடியை இறுக்கியபின் விங்கைக் கொஞ்சமே கொஞ்சம் திறந்து, சோக்கில் பிரஷர் மெதுவாக ஏறவிட்டு, ஃப்ளோலைன் தாங்கும் அளவைத் தாண்டாமல் விங்கைத் திரும்ப மூடி, சோப்பு நீர் தடவி மூடியையும் நீடில் வால்வையும் பாருங்கள். குமிழி இல்லையென்றால் ஃப்ளோலைன் வால்வை முழுதாகத் திறந்துவிட்டு, கடைசியாக விங்கை முழுதாகத் திறங்கள். மூடியதற்கு நேர் எதிர் வரிசை இது.

முதல் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். வாயு சோக்கைத் தாண்டி விரியும்போது குளிரும். பாலைவன வெயிலிலும் சோக்குக்குப் பின்னால் உள்ள குழாயில் வெள்ளையாக உறைபனி படிவதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே ஈரம் இருந்தால் ஹைட்ரேட் கட்டியாகி லைனை அடைக்கும். அதற்குத்தான் மெத்தனால் ஏற்றுகிறோம். பிரஷர் நிலைக்கு வந்ததும் பழைய நான்கு அளவுகளோடு புதியதையும் எழுதுங்கள். பீன் அளவு, ஓ-ரிங்கின் பொருள், ஒவ்வொரு வால்வுக்கும் எத்தனை சுற்று, எது கனமாகச் சுற்றியது, எது லேசாகச் சுற்றியது, ப்ளீட் செய்தபின் முள் எத்தனை நிமிஷம் அசையாமல் நின்றது, எல்லாம் அன்றைக்கே கிணற்றின் கோப்பில் ஏறிவிட வேண்டும். ஷியர் பின் சந்தேகம் இருந்தால் அந்த ஹேண்ட்வீலிலேயே சிவப்பு அட்டை கட்டிவிட்டு, அடுத்த ஷிஃப்ட்டில் வருபவரிடம் வாயாலும் சொல்லிவிட்டுப் போங்கள்.